பாட்டில் காலியாகத்தான் வந்தது

"விஷயம் தெரியுமா மாப்ளே? அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பையனைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

சொன்னவர் கண்ணாடிக்காரர். அவரும் நேரில் பார்த்ததில்லை. அவருடைய கொழுந்தியாள் சொன்னது. கொழுந்தியாளுக்குக் கீழ்வீட்டுக்காரி சொன்னது. கீழ்வீட்டுக்காரிக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. பையன் மகா கெட்டிக்காரனாம். வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்லுவானாம். வயது வருவதற்கு முன்பே முதல் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, பள்ளி திறந்த சூட்டோடு பாலர் வகுப்புக்கே திருப்பிவிட்டார்களாம். காரணம், தன் சாப்பாட்டு டப்பாவை அவனால் திறக்க முடியவில்லை.

"டப்பாவுக்காகவா?" என்றார் கதவுக்காரர். ஒரு மருந்துக்கடை வாசலில் ஏணியின் மேல் நின்றிருந்தார். வாயில் இரண்டு திருகாணிகள்.

"டப்பா, பட்டன், பாத்ரூம். மூணுல எது தவறினாலும் பெட்டியைக் கட்டுன்னுடுவாங்களாம். அறிவு தலையில இருந்தா பத்தாதாம், விரல்லயும் இருக்கணுமாம். நம்ம பொடிசைத்தான் நினைச்சுக்கிட்டேன்."

கதவுக்காரர் திருகாணிகளை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அவர் மகள் பொடிசுக்கும் அதே பள்ளியில் முதல் வகுப்பு தொடங்குகிறது. அவளுக்கு ஐந்து வயது முடிய இன்னும் மாதங்கள் கிடந்தன. வகுப்பில் மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஆறைத் தாண்டியவர்கள்.

கதவு தானாக மூடிக்கொள்வதற்காக மேலே ஒரு இரும்புக்கை பொருத்துவார்களே, அதுதான் அவருடைய தொழில். கூடவே பூட்டு, தாழ், கீல். கண்ணாடிக் கதவுகளை நிறுத்துவது கண்ணாடிக்காரர். அதை மூட வைப்பது இவர். இருவரும் ஒரே வண்டியில் போவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். தமிழ் பேசாத இந்த ஊருக்குக் கண்ணாடிக்காரர் வந்து ரொம்ப காலம். ஊர்மொழியில் சண்டைகூடப் போடுவார். கதவுக்காரருக்கு அது ஏறவில்லை. தள்ளு, இழு, திருகு, நாளைக்கு வருகிறேன் - தொழிலுக்கு வேண்டியது தெரியும். அவர் மனைவி ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு விரிப்பு, உறை, கறை, ஈரம். இரண்டு பேருடைய வார்த்தைகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு டாக்டரிடம் நம் வலியைச் சொல்லும் அளவுக்கு வராது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பொடிசு பிறந்தாள் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். பேச்சு வந்தபோதே இரண்டு மொழியும் சேர்ந்து வந்தது. தமிழ் வீட்டில், ஊர்மொழி படிக்கட்டிலும் தொலைக்காட்சியிலும். அம்மா கடையில் திணறினால், இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரு குரல் விலை கேட்கும். பெயர்ப் பலகைகளைத் தானே படிக்கத் தொடங்கினாள். வீட்டுச் சொந்தக்காரர் படியேறி வந்தால் பேசுவது பொடிசுதான். "தண்ணி ரெண்டு நாள் வராதாம் அப்பா. குழாய் மாத்தறாங்களாம். நான் சரின்னுட்டேன்." எங்களைப் போல வேறு ஊரில் போய்க் குடியேறிய வீடுகளில் இது சாதாரணம். பிள்ளையை முன்னே விட்டுப் பின்னால் நிற்போம். பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும்.

பள்ளியில் சேர்த்ததும் அப்படியே. தலைமையாசிரியையின் மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலி. நடு நாற்காலியில் பொடிசு. கால் தரையைத் தொடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கேட்காமலே உரக்கப் படித்தாள். தலைமையாசிரியை சிரித்தார், பக்கத்து அறையிலிருந்து இன்னொரு ஆசிரியையைக் கூப்பிட்டுத் திரும்பவும் படிக்கச் சொன்னார். பிறகு கதவுக்காரரைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார்.

"என்னம்மா கேக்கறாங்க?"

"நான் எல்லாத்தையும் தனியா செஞ்சுக்குவேனான்னு கேக்கறாங்கப்பா."

"நாம என்ன சொல்லணும்?"

"ஆமான்னு நானே சொல்லிட்டேன்."

அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கண்ணாடிக்காரர் அவிழ்த்துவிட்ட செய்தியோடு வீட்டுக்கு வந்த கதவுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. காலைக் கழுவாமல்கூட மனைவியிடம் சொன்னார். டப்பா, பட்டன், பாத்ரூம் என்று அதே வரிசையில் சொன்னார். பொடிசு மேசைக்கடியில் படுத்து, அட்டைப் பெட்டி மேல் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கும்போது அவளுக்குக் காது கேட்காது என்பது இருவருடைய எண்ணம்.

அன்றிலிருந்து அவர் கை சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவின் கொக்கியை அரத்தால் ராவி, விரல் பட்டாலே விடுகிற மாதிரி ஆக்கினார். பையின் ஜிப்புக்கு ஒரு சாவி வளையம். காலணியில் கயிற்றை எடுத்துவிட்டு ஒட்டிக்கொள்ளும் பட்டை. சீருடைப் பாவாடையின் கொக்கியைப் பிய்த்து மனைவியை எலாஸ்டிக் தைக்கச் சொன்னார்.

தைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "டப்பாவைத் தயார் பண்ணிட்டீங்க, செருப்பைத் தயார் பண்ணிட்டீங்க. பள்ளிக்கூடம் போகப்போறது இதுங்க இல்லைங்க, அவ."

"அவளுக்கென்ன? பேப்பர் படிக்கிறவ."

"படிக்கட்டு ஏறுனா மூச்சு வாங்குது. சாயங்காலமானா சோத்துத் தட்டுல தூங்கி விழறா. ஒரு வருஷம் கழிச்சு அனுப்பினா என்ன குடி முழுகிடும்?"

"நீ ஒருத்தி! இடம் கிடைக்காம அலையறாங்க வெளியில. அவங்களா கூப்பிட்டுக் குடுத்ததை வேண்டாம்பியா?"

மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது: "நான் போவேன்."

போனாள். முதல் சில நாள்கள் கதவுக்காரர் எந்த ஏணியில் நின்றாலும் சட்டைப் பையிலிருந்த கைப்பேசியின் மேலேயே கவனம். பள்ளியிலிருந்து அழைப்பு வரவில்லை. கூப்பிடப் போனபோது ஆசிரியை வாசலுக்கே வந்து சிரித்த முகமாகப் பேசினாள். "நான் நல்லா படிக்கிறேனாம். பெரிய பிள்ளைங்களுக்கு நான் படிச்சுக் காட்டறேனாம்" என்றாள் பொடிசு. சாப்பாடு பாதி மிஞ்சும். தண்ணீர் பாட்டில் காலியாக வரும். அதைப் பார்த்து அம்மாவுக்குத் திருப்தி. ஒன்றுதான் விசித்திரம்: வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்கு ஓடுவாள், வெளியே வந்ததும் மூச்சுவிடாமல் தண்ணீர் குடிப்பாள். விளையாட்டு அலுப்பு என்று நினைத்தாள் அம்மா.

பிறகு காய்ச்சல் வந்தது.

அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். நீர் பிரியும்போது அழுதாள். டாக்டரம்மா அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார், கேள்விகள் கேட்டார். வழக்கம்போல அப்பாவும் அம்மாவும் பொடிசின் முகத்தைப் பார்த்தார்கள்.

"நான் நல்லா சாப்பிடறேனான்னு கேக்கறாங்க."

"சுமாராத்தான் சாப்பிடறான்னு சொல்லு."

அவள் சொன்னாள். டாக்டரம்மா தலையசைத்து எழுதிக்கொண்டார். இன்னொரு கேள்வி. "எப்பத்துலேருந்து காய்ச்சல்னு கேக்கறாங்க." அதற்கும் பதில் போனது. மருந்து வந்தது, காய்ச்சல் விட்டது, பொடிசு பள்ளிக்குப் போனாள். மருந்து முடிந்து கொஞ்ச நாளிலேயே, முன்னைவிடச் சூடாக, காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை நடுக்கமும் சேர்ந்துகொண்டது.

அன்று அம்மாவுக்கு விடுப்பு கொடுக்கவில்லை. கண்ணாடிக்காரர் வண்டியிலேயே பொடிசைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். "நானும் உள்ள வர்றேன் மாப்ளே, வெயில்ல நின்னு என்ன பண்ண?" என்று அவரும் கூடவே நுழைந்தார். அவர் வந்ததைப் பொடிசு விரும்பவில்லை. "மாமா வெளிய இருக்கட்டும்பா" என்று அப்பாவின் காதில் சொன்னாள். பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டார் கதவுக்காரர்.

டாக்டரம்மா சோதனை முடிவைப் பார்த்துவிட்டு இந்தத் தடவை தலையசைக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

பொடிசு அப்பா பக்கம் திரும்பினாள். "மருந்து ஒழுங்கா குடுத்தீங்களான்னு கேக்கறாங்க."

"குடுத்தோம்னு சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். "ஏய் பொடிசு. அவங்க கேட்டது அது இல்லையே."

பொடிசு தன் காலணிப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேட்டாங்க?" என்றார் கதவுக்காரர்.

"பள்ளிக்கூடத்துல பாத்ரூம் போறாளா, அடக்கி வைக்கிறாளான்னு கேட்டாங்க. போன தடவையும் இதைத்தான் கேட்டேன், போறதாச் சொன்னீங்களேங்கறாங்க." கண்ணாடிக்காரரின் குரல் தாழ்ந்தது. "போன தடவை யாரு மாப்ளே பேசினது?"

நோயாளியையே மொழிபெயர்க்க உட்கார வைத்து, அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்பது கதவுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா கேட்டது ஒன்று, தன் காதுக்கு வந்தது ஒன்று, திரும்பிப் போனது இன்னொன்று. நடுவில் இருந்தது இந்தப் பொடிசு.

டாக்டரம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னார், கண்ணாடிக்காரர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு நாள் முழுக்க இருந்தால் இப்படித்தான் வரும். இனியும் அப்படியே இருந்தால் சிறுநீரகம் வரைக்கும் போய்விடும். காய்ச்சல் விட்டதும் பள்ளிக்குப் போகலாம். ஆனால் ஒவ்வொரு இடைவேளையிலும் போயாக வேண்டும். அதைப் பள்ளியில் சொல்லிவைக்க வேண்டும்.

"தண்ணியெல்லாம் குடிக்கிறாளே. பாட்டில் காலியாத்தான் வருது" என்றார் கதவுக்காரர், யாரிடம் என்றில்லாமல்.

"செடிக்கு ஊத்திடுவேன்" என்றாள் பொடிசு. அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

வண்டியில் வரும்போது துண்டு துண்டாக எல்லாம் வெளியே வந்தது. பாத்ரூமுக்கு வெளியே ஒரு பெரிய கதவு இருக்கிறது. உள்ளே போவதற்குத் தள்ள வேண்டும். முதுகைக் கொடுத்து நெட்டித் தள்ளினால் போய்விடலாம். வெளியே வருவதற்கு இழுக்க வேண்டும். அது வராது. முதல் வாரத்தில் ஒருநாள் உள்ளே மாட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் கைப்பிடியில் தொங்கினாள். மணி அடித்தது, எல்லாரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். பெருக்க வந்த ஆயா கதவைத் திறக்கும்வரை அங்கேயே நின்றாள். ஆசிரியை கேட்டதற்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டாள். அப்புறம் யோசித்தாள். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும்?

"யாரையாவது கதவைத் திறக்கச் சொல்றதுக்கென்னடி செல்லம்? ஊரெல்லாம் உன் வாயைத்தானே கேக்குது!" என்றார் கண்ணாடிக்காரர்.

"சொன்னா பாலர் வகுப்புக்கு அனுப்பிடுவாங்க. டப்பா, பட்டன், பாத்ரூம். நீங்கதானே மாமா சொன்னீங்க."

வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது கண்ணாடிக்காரர், "அது எந்த வீட்டுக்காரி எந்த வீட்டுக்காரிகிட்ட சொன்னதோ மாப்ளே, எனக்கே தெரியாது" என்றார்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியிருந்தது. பிள்ளையை மனைவியிடம் விட்டுவிட்டு, மாலையில் பள்ளி கலையும் நேரத்தில் கதவுக்காரர் தனியாகப் போனார். தாழ்வாரத்தின் கோடியில் அந்தக் கதவு. முழுப் பலகை. மேலே இரும்புக்கை. வெளியிலிருந்து ஒரு விரலால் தள்ளினார், வழிவிட்டது. உள்ளே போய் அதே விரலால் இழுத்தார், வந்தது. ஒன்றுமேயில்லை. பிறகு முழங்காலை மடித்துக் குந்தினார். அந்த உயரத்திலிருந்து கைப்பிடி அவர் நெற்றிக்கு மேலே இருந்தது. அண்ணாந்துதான் பிடிக்க வேண்டியிருந்தது. காலை ஊன்ற வழுக்குத் தரை. இழுத்துப் பார்த்தார். கதவு கொஞ்சம் வந்தது, நின்றது, அவரையே சட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் மூடிக்கொண்டது.

எத்தனையோ கடைகளில், எத்தனையோ ஆபீசுகளில், திரும்பத் திரும்பப் புகார் வரக் கூடாது என்று இதே விசையை அவரும் இறுக்கிவிட்டு வந்திருக்கிறார். யார் இழுப்பார்கள் என்று எவரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

இடுப்புப் பையில் திருப்புளி இருந்தது. கவிழ்ந்து கிடந்த குப்பைக்கூடையின் மேல் ஏறினார். சில சுற்று இளக்கினால் போதும். யாருக்கும் தெரியாது, யாரிடமும் பேச வேண்டாம், பிள்ளையின் மானமும் போகாது. இளக்கினார். இழுத்துப் பார்த்தார். இப்போது ஒரு பூனைக்குட்டிகூடத் திறக்கலாம். ஆனால் கதவு பாதி வழியில் நின்றுவிட்டது. மூடவில்லை. சன்னல் வழியாகக் காற்று ஒரு தரம் வீசியதும் படாரென்று வந்து சட்டத்தில் அறைந்தது.

கீல் பக்கத்து இடைவெளியில், சிறு விரல்கள் பற்றுகிற உயரத்தில், அழுக்குக் கைத்தடங்கள் வரிசையாக இருந்தன. பொடிசுக்காக இளக்கினால் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் விரல் நசுங்கும். பழையபடி இறுக்கினார். வெளியே பெருக்குமாறும் கையுமாக நின்ற பெண் அவரைப் பார்த்து ஏதோ கேட்டாள். பெண்கள் பாத்ரூமிலிருந்து திருப்புளியோடு வருகிற ஆளிடம் யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். "கதவு. சரி. சரி" என்றார் அவர் தெரிந்த வார்த்தைகளில். அவள் வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்னங்க ஆச்சு?"

"இளக்க முடியாது. கை நசுங்கும்."

"இளக்கினா மட்டும்? அடுத்த வருஷம் இவ வகுப்பு மாடியில. அங்கேயும் போய் குப்பைக்கூடை மேல ஏறி நிப்பீங்களா?" என்றாள் அவள். "டீச்சர்கிட்ட சொல்லிடுங்க. திருப்பி அனுப்பினா அனுப்பட்டும். படிப்பு எங்க ஓடிப்போகுது? எனக்குப் பிள்ளை முழுசா வேணும்."

"அனுப்பினா அவ தாங்கமாட்டா."

"கிட்னி போனாத் தாங்குவாளா?"

பொடிசு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்பது இப்போது இருவருக்கும் தெரியும்.

இன்று காலையில் காய்ச்சல் இல்லை. பொடிசு தானாகவே சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து மேசையருகே உட்கார்ந்தாள். அம்மா ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரை அவள் முன்னால் வைத்தாள். டாக்டரம்மா சொன்னபடி எழுந்ததும் குடிக்க வேண்டிய தண்ணீர். பொடிசு அதைத் தொடவில்லை.

வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஆசிரியை கைப்பேசியை எடுப்பாள் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள். கதவுக்காரர் எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"மாமாவைப் பேசச் சொல்லலாமே" என்றாள் மனைவி.

"வேணாம். அப்பன் நான். நானே பேசறேன்." மகள் பக்கம் திரும்பினார். "கண்ணு, 'என் பொண்ணால கதவை இழுக்க முடியலை, அவளுக்கு உதவி பண்ணுங்க'. இதை எப்படிச் சொல்றது?"

"சொல்லமாட்டேன்."

"சரி." இழு என்ற வார்த்தை அவருக்குத் தெரியும். கதவு தெரியும். பெண் தெரியும். உதவி என்பதற்கு ஊர்மொழியில் என்ன என்று யோசித்தார். யாரிடமும் அதைக் கேட்டுப் பழக்கமில்லாததால் அந்த வார்த்தை அவரிடம் இல்லை. மெதுவாக, வாய்க்குள்ளேயே, தெரிந்ததை மட்டும் கோத்துப் பார்த்தார். கதவு பெரிது. பெண் சிறிது. இழுக்க, இல்லை.

"அது தப்பு" என்றாள் பொடிசு, திரும்பாமலேயே.

"தப்பாவே சொல்றேன். அவங்களுக்குப் புரிஞ்சா போதும்."

"புரிஞ்சா அனுப்பிடுவாங்கப்பா."

"அனுப்பமாட்டாங்க" என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவருக்கு அது தெரியாது. அந்தப் பையன் உண்மையிலேயே இருந்தானா என்பதுகூடத் தெரியாது. மனைவியைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். பொத்தானை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார்.

"தண்ணியைக் குடிம்மா" என்றாள் அம்மா.

"முதல்ல டீச்சர் என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன்" என்றாள் பொடிசு. "இருக்கலாம்னா குடிக்கிறேன்."

மறுமுனையில் மணி அடித்தது. கதவுக்காரர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். கதவு பெரிது, பெண் சிறிது என்று உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்தது.